வீதி நாடகத்துக்கும் ஊர்வலத்துக்கும் எந்த மெகாபோன்? மூன்று வகைகளின் மதிப்புரை

வீதி நாடகக் குழு முதலில் வாங்கும் கருவி அநேகமாக மெகாபோன்தான். விளம்பரங்களில் முன்னால் நிற்பது துப்பாக்கிப் பிடி வைத்த சின்ன வகை. அதை வாங்கிவந்து, வட்டமாகக் கூடிய கூட்டத்தின் நடுவில் நின்று வசனம் பேசினால், கால்வாசிப் பேருக்குக் காது வலிக்கும், மீதிப் பேருக்கு ஒன்றும் விளங்காது. அதற்காகக் கருவியைக் குறை சொல்ல முடியாது. எந்த வேலைக்காகச் செய்தார்களோ அதை அது நன்றாகவே செய்கிறது. நாடகம், ஊர்வலம், தெருமுனைக் கூட்டம் மூன்றும் ஒலியிடம் கேட்பது வேறு வேறு. ஆகவே கடைகளில் கிடைக்கும் மூன்று வகைகளையும் அந்த மூன்று வேலைகளில் வைத்துப் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், தோளில் மாட்டி, சுருள் வயரில் மைக் தொங்கும் வகையை வாங்குங்கள். நாடக வசனத்துக்கு எதையும் வாங்க வேண்டாம். ஏன் என்று கீழே விரிவாக இருக்கிறது.

முதல் வகை, கை மெகாபோன். முன்னால் ஒலியைத் தள்ளும் கூம்பு, அதுதான் ஹாரன். பின்புறத்திலேயே மைக், கீழே பிடி, பிடியில் விசை. பெரும்பாலானவை 'சி' அளவு பேட்டரி 6 கேட்கும், அதாவது 9 வோல்ட். பேட்டரி போட்டால் சுமார் ஒன்றரைக் கிலோ. வாயருகே உயர்த்திப் பிடித்துப் பத்து நிமிடம் பேசினால் முழங்கை தளரும், ஹாரன் தரையைப் பார்க்கத் தொடங்கும். பேசுகிறவருக்கு இது தெரியாது. பின்வரிசை மட்டும் மெல்ல மெல்லக் கலையும்.

இரண்டாவது, தோள் மெகாபோன். ஹாரனும் பேட்டரிப் பெட்டியும் தோள் பட்டையில் தொங்கும், மைக் தனியாகக் கையில் இருக்கும். பேட்டரியின் எண்ணிக்கை மாடலுக்கு மாடல் மாறும். பெரிய 'டி' அளவு 8 போடும் மாடல்களில் 12 வோல்ட் கிடைக்கும், ஆனால் பேட்டரி மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல். கனமானதுதான். ஆனாலும் வாயும் ஹாரனும் தனித்தனியாக இருப்பதுதான் இதன் பலம். ஒருவர் ஹாரனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கலாம், இன்னொருவர் பேசலாம். முழக்கம் கொடுப்பவர் களைத்தால் மைக்கை மட்டும் கைமாற்றினால் போதும், ஒலி வரும் திசை மாறாது.

மூன்றாவது, சக்கரம் வைத்த ஒலிப்பெட்டி. 8, 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர், உள்ளே சார்ஜ் ஏற்றும் பேட்டரி, கூடவே ஒன்றிரண்டு வயர்லெஸ் மைக். சமதளத்தில் இழுத்துப் போகலாம். குண்டும் குழியுமான தெருவிலும் படிக்கட்டிலும் இருவர் தூக்க வேண்டும்.

எவ்வளவு தூரம் கேட்கும்?

அட்டைப்பெட்டியில் 300 மீட்டர், 400 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது அமைதியான திறந்த வெளிக்கான கணக்கு. நகரத் தெருவின் கணக்கை நீங்களே போடலாம். ஒலியின் அளவை டெசிபலில் சொல்வார்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். ஹாரனுக்கு நேர் முன்னால் 1 மீட்டரில் 110 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், 4 மீட்டரில் 98, 8 மீட்டரில் 92, 16 மீட்டரில் 86, 32 மீட்டரில் 80. பேருந்தும் லாரியும் ஓடும் சாலையோரத்தில் இரைச்சலே 75 டெசிபலைத் தொடும். பேச்சு சிரமமில்லாமல் புரிய, இரைச்சலைவிட அது குறைந்தது 10 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். அப்படியானால் இந்தக் கருவி அந்தச் சாலையில் எட்டும் தூரம் 18 மீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கு அப்பால் நிற்பவருக்குச் சத்தம் கேட்கும், சொல் போய்ச் சேராது.

இதே கணக்கை வெறும் குரலுக்கும் போட்டுப் பாருங்கள். பயிற்சி உள்ள நடிகர் முழுக் குரலெடுத்தால் 1 மீட்டரில் 85 முதல் 90 டெசிபல் வரும். இரைச்சல் 55 டெசிபல் உள்ள உட்தெருவில் அந்தக் குரல் 10 மீட்டரைத் தாண்டியும் தெளிவாகப் போகும். முன்னால் நான்கைந்து வரிசை உட்கார்ந்து, பின்னால் மூன்று வரிசை நிற்கும் வட்டத்துக்கு அது போதும். எனவே வாகனச் சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி, பின்புறம் சுவர் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தாலே மெகாபோன் தரும் பயனில் பாதி கிடைத்துவிடும். இடம் பார்க்கப் போகிறவர் கைபேசியில் ஒரு டெசிபல் அளவி வைத்திருக்கட்டும். அதன் துல்லியம் சுமார்தான், ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட அது போதும். நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே நேரத்தில் போய் அளக்க வேண்டும். காலையில் அமைதியாக இருந்த முனை மாலை ஆறு மணிக்கு வேறு இடமாகியிருக்கும்.

வட்டத்தில் ஏன் தோற்கிறது?

ஹாரன் ஒலியை ஒரு திசையில் குவித்து அனுப்பும். தூரம் கிடைப்பதே அதனால்தான். அதே காரணத்தால் பக்கவாட்டில் இருப்பவருக்கு இழப்பு. சொல்லைச் சொல்லாக்குபவை க, ச, ட, த, ப போன்ற வல்லின ஒலிகள். அவற்றின் ஆற்றல் உயர் அலைவரிசையில் இருக்கிறது, உயர் அலைவரிசைதான் ஹாரனில் மிகக் குறுகலாகக் குவிகிறது. நேர்கோட்டிலிருந்து 45 பாகை விலகி உட்கார்ந்திருப்பவருக்கு வல்லினம் மங்கும், ஹாரனுக்குப் பின்னால் இருப்பவருக்கு உயிரெழுத்துகளின் முனகல் மட்டும் மிஞ்சும். நான்கு பக்கமும் மக்கள் இருக்கும்போது நடிகர் சுழன்று சுழன்று பேசினால், ஒவ்வொரு வாக்கியத்திலும் கால்பங்குதான் ஒருவருக்குக் கிடைக்கும்.

இன்னொன்று, கை. வீதி நாடகத்தில் திரையில்லை, விளக்கில்லை. சுவராவதும் இயந்திரமாவதும் நீதிமன்றமாவதும் நடிகரின் உடல்தான். வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் தன் மூன்றாம் அரங்கில் மேடைச் சாதனங்களைக் கைவிட்டு உடலையும் நேரடித் தொடர்பையும் நம்பியதற்கு இந்தச் சுதந்திரமும் ஒரு காரணம். ஒரு கையில் மைக் வந்துவிட்டால் அந்த உடல் பாதி செயலிழக்கும். தலையில் மாட்டும் வயர்லெஸ் மைக் இதற்குத் தீர்வு போலத் தோன்றும். ஆனால் எட்டு நடிகருக்கு எட்டு மைக், எட்டு அலைவரிசை, அவற்றைக் கலக்க ஒரு மிக்சர், வியர்வையில் நனையும் இணைப்புகள் என்று அது வளரும். அதோடு, ஓடிக்கொண்டிருக்கும் நடிகரின் குரல் அசையாத பெட்டியிலிருந்து வரும். பார்வையாளர் ஆளைத் தேடிக் கொண்டிருப்பார்கள்.

குரல் பற்றவில்லை என்றால் வழி வேறு. முக்கியமான வரியை ஒருவர் சொல்ல, நான்கு திசையும் பார்த்து நிற்கும் நால்வர் ஒரே மூச்சில் அதைத் திருப்பிச் சொல்லட்டும். வசனத்தை ஐந்தாறு சொற்களுக்குள் முடியும்படி வெட்டி எழுதுங்கள். புதிய செய்தி தரும் வரிக்கு முன்னால் ஓர் அடி பறையோ கைத்தட்டலோ வைத்தால் காதுகள் அந்தப் பக்கம் திரும்பும், வரி வீணாகாது. பறை அடித்துக்கொண்டிருக்கும்போதே வசனம் பேசுவதுதான் புதிய குழுக்கள் அடிக்கடி செய்யும் பிழை. எந்தக் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மெகாபோனுக்கும் நாடகத்துக்குள் ஓர் இடம் இருக்கிறது, அது மிக அருமையான இடம். ஹாரன் குரலின் அடித்தளத்தை அறுத்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் தள்ளுவதால் அதில் ஒரு தகரத் தன்மை ஏறும். மனிதக் குரல் அதிகாரத்தின் குரலாக ஒலிக்கும். அமைச்சர், காவல் அதிகாரி, ஆலை மேலாளர், இடிப்பு அறிவிப்பை வாசிக்கும் அலுவலர் ஆகியோருக்கு மட்டும் மெகாபோன் கொடுத்து, குடியிருப்பு மக்களை வெறும் குரலில் பேச வைத்தால், எவரிடம் என்ன இருக்கிறது என்பது ஒரு வரி விளக்கமும் இல்லாமல் புரியும். கடைசிக் காட்சியில் மக்கள் பக்கத்தில் ஒருவர் அதைப் பிடுங்கிப் பேசப் போகிறாரா, அணைத்துக் கீழே வைக்கப் போகிறாரா என்பதைக் குழு உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு அரசியல். இந்த வேலைக்குச் சின்னக் கை மெகாபோனே சிறந்தது. தூரத்திலிருந்தும் அடையாளம் தெரியும், ஒரே விசையில் இயங்கும். வால்யூமைப் பாதிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியது அந்தத் தகரக் குரல் மட்டும்தான்.

பெரிய பொம்மைகளோடு நடக்கும் குழுக்களுக்குத் தோள் மெகாபோன் அவசியம். பீட்டர் ஷூமன் 1963-இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரெட் அண்ட் பப்பெட் குழு வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் பேருருவப் பொம்மைகளைக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட பொம்மையின் உள்ளே இருப்பவரின் குரல் துணியையும் காகிதக் கூழையும் தாண்டி வெளியே வராது. கதை சொல்பவர் வெளியே, பொம்மைக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால், ஹாரன் கூட்டத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பொம்மைக்குப் பின்னால் நடந்தால் ஒலி பொம்மையிலேயே மோதி நின்றுவிடும்.

விவாத அரங்கில் மைக்கைக் கொடுக்காதீர்கள்

பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் உருவாக்கிய விவாத அரங்கில் பார்வையாளர் எழுந்து வந்து பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறார், கதையை வேறு வழியில் நடத்திப் பார்க்கிறார். போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகரமன்ற உறுப்பினராக இருந்தபோது, அப்படி அரங்கில் எழுந்த யோசனைகளைச் சட்ட முன்வரைவுகளாக்கினார். அவற்றில் 13 சட்டமாயின. பார்வையாளர் சொல்லும் ஒரு வாக்கியம் இவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதால், அது எல்லோருக்கும் கேட்டாக வேண்டும்.

முதன்முறையாக மைக் பிடிப்பவர் மூன்றில் ஒன்றைச் செய்வார். நெஞ்சுக்குக் கீழே இறக்கிப் பிடிப்பார், வாயில் ஒட்டிக்கொள்வார், அல்லது தலையைத் திருப்பி நண்பரைப் பார்த்துப் பேசுவார். ஆகவே நடத்துபவரே தோள் மெகாபோனின் மைக்கைப் பிடித்து, பேசுபவரின் வாய் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்குள் நீட்ட வேண்டும், அவர் தலை திரும்பினால் மைக்கும் திரும்ப வேண்டும். ஹாரனை இன்னொருவர் வட்டத்துக்கு வெளியே, பெரும்பகுதிக் கூட்டத்தை நோக்கித் தலைக்கு மேல் பிடிக்கட்டும். பேசி முடித்ததும் நடத்துபவர் அதன் சாரத்தை ஒரே வரியில் எதிர்ப்பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டால், ஹாரனுக்குப் பின்னால் இருப்பவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். பாத்திரமாக நடிக்க வரும் பார்வையாளருக்கு மட்டும் மைக் வேண்டாம். அது நடிப்பைப் பேச்சாக மாற்றிவிடும்.

ஊர்வலத்தில்

தோள் மெகாபோனின் சொந்த வீடு இதுதான். இங்கே பிரச்சினை தூரத்தைவிட நேரம். ஒலி ஒரு வினாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 120 தட்டு என்று கூட்டம் கை தட்டுகிறது என்றால் ஒரு தட்டுக்கு அரை வினாடி. 85 மீட்டர் பின்னால் நடப்பவருக்கு முன்வரிசையின் தட்டு கால் வினாடி தாமதமாக வரும், அதாவது சரியாக இரண்டு தட்டுகளுக்கு நடுவே. நீண்ட ஊர்வலங்களில் முழக்கம் நடுவில் குழம்பிச் செத்துப்போவது உற்சாகக் குறைவால் அல்ல, இந்தத் தாமதத்தால். முன்னால் இருக்கும் ஹாரனை இன்னும் சத்தமாக்கினால் குழப்பம் கூடும்.

40 முதல் 50 மீட்டருக்கு ஒருவர் என்று முழக்கம் கொடுப்பவர்களை நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் தன் பகுதிக்கு மட்டும் கொடுக்கட்டும், அடுத்தவரோடு ஒத்துப்போக முயல வேண்டாம். பக்கத்துப் பகுதியில் வேறு முழக்கம் ஓடினால் இன்னும் நல்லது. ஒரே முழக்கம் அரை வினாடி பிசகிக் கேட்பதைவிட இரண்டு வெவ்வேறு முழக்கங்கள் காதுக்குத் தெளிவு. ஹாரன் எப்போதும் ஊர்வலத்தின் உட்பக்கம் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் முன்னால் நடந்தபடி முன்நோக்கிப் பேசுபவரின் முழக்கம் காலிச் சாலைக்குப் போகிறது. முன்னால் நடப்பவர் பின்பக்கம் திரும்பி நடப்பதைவிட, ஹாரனை மட்டும் தோளில் பின்னோக்கித் திருப்பிக்கொண்டு நேராக நடக்கலாம். கை மெகாபோனில் இது முடியாது.

ஆனால் ஹாரன் பக்கத்தில் நடப்பவரின் காது கவனம். 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பு என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷின் வரம்பு சொல்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம், 110 டெசிபலுக்கு ஒன்றரை நிமிடம். தோளில் குழந்தையை உட்காரவைத்து வருபவர்கள் ஹாரனுக்கு முன் நடக்கக் கூடாது. அவர்களிடம் கேட்டு இடம் மாற்றிவிடுவது முழக்கம் கொடுப்பவரின் பொறுப்பு. ஹாரன் தூக்குபவருக்கு நுரைக் காதடைப்பான் கட்டாயம்.

ஊளை, கரகரப்பு

தோள் வகையின் பெரிய குறை ஃபீட்பேக் ஊளை, அதாவது ஹாரனின் ஒலியே மைக்கில் மீண்டும் நுழைந்து எழுப்பும் கூச்சல். மைக் ஹாரனுக்கு முன்னால் வந்ததும் கிளம்பிவிடும். குறுகிய தெருவில் எதிர்ச் சுவர் ஒலியைத் திருப்பி அனுப்பும்போது, மைக் பின்னால் இருந்தாலும் வரும். நிறையப் பேர் ஊளை வந்ததும் மைக்கின் தலையைக் கையால் பொத்துகிறார்கள். அது ஊளையைக் கூட்டும், ஏனென்றால் பின்புற ஒலியைத் தள்ளுவதற்காக மைக்கில் வைத்திருக்கும் துளைகள் அப்போது அடைபடுகின்றன. விசையை விடுங்கள், ஹாரனைச் சுவரிலிருந்து திருப்புங்கள், வால்யூமை ஒரு படி குறையுங்கள், மைக்கை வாய்க்கு 3 முதல் 5 சென்டிமீட்டரில் கொண்டுவாருங்கள். இந்த வரிசையில் செய்தால் நின்றுவிடும். நீண்ட ஊளை ஹாரனின் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டையே கிழிக்கக் கூடும், ஆகவே அது காதுக்கு மட்டும் தொல்லை இல்லை.

கரகரப்பு வேறு. மெகாபோனில் கத்துவதால் வருவது. மைக்குக்கு இயல்பான உரத்த பேச்சு போதும். கத்தினால் உள்ளே இருக்கும் பெருக்கி உச்சங்களை வெட்டிவிடும், முதலில் போவது வல்லினம். தொண்டையும் கூடவே போகும். மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் உதட்டு ஓரத்தில் சாய்த்துப் பிடித்தால் ப, த ஒலிகளின் காற்று மோதாது. வாக்கிய இறுதியில் குரலை இறக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நம் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது, அதை விழுங்கினால் வாக்கியமே விழுந்துவிடும்.

பேட்டரியும் வாட்டும்

மலிவான துத்தநாக-கார்பன் பேட்டரி மெகாபோனுக்கு ஆகாது. கேட்கும் மின்னோட்டத்தைத் தர முடியாமல் ஒவ்வொரு உரத்த சொல்லிலும் துவண்டுபோகும். ஆல்கலைன் போடுங்கள், அல்லது சார்ஜ் ஏற்றும் நிக்கல் வகை. நிக்கல் வகை ஒன்றுக்கு 1.2 வோல்ட் என்பதால் ஆறுக்கு 7.2 வோல்ட்தான் வருமே என்று தயங்குகிறார்கள். கணக்குப் போட்டால் இழப்பு சுமார் 2 டெசிபல், காதுக்கு அரிதாகத்தான் தெரியும். பதிலுக்கு அது கடைசிவரை ஒரே மாதிரி நிற்கும், நூற்றுக்கணக்கான முறை பயன்படும். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். வலுவிழந்த ஒன்று மற்றவற்றின் அழுத்தத்தில் கசிந்து, சுருள்கம்பியை அரித்துவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். ஆல்கலைன் கசிவு வெள்ளைப் பொடியாகப் படிந்திருந்தால் கையுறை போட்டு, வினிகரில் தோய்த்த பஞ்சால் துடைத்து, பிறகு ஈரத் துணியால் ஒற்றி, நன்றாகக் காயவையுங்கள்.

வாட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். 25 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல் மட்டும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். சக்கரப் பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடும் உச்ச வாட் எண்ணுக்கு நடைமுறைப் பொருள் ஏதும் இல்லை. 1 மீட்டரில் எத்தனை டெசிபல் என்று விவரத்தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த மாடலை ஒதுக்கலாம்.

சக்கரப் பெட்டியின் வேலை நாடகம் முடிந்த பிறகு தொடங்குகிறது. தெருமுனைக் கூட்டம், பாடல், கலந்துரையாடல் ஆகியவற்றில் மெகாபோனால் தர முடியாத குரலின் வெதுவெதுப்பு இதில் இருக்கிறது. தரையில் வைத்தால் முதல் இரண்டு வரிசைகளின் உடல்களே உயர் அலைகளை விழுங்கிவிடும். மேசை மீதோ தாங்கியிலோ வைத்து, ஸ்பீக்கர் நிற்பவர்களின் தலைக்கு மேலே வரும்படி உயர்த்தி, கடைசி வரிசையை நோக்கிச் சற்றே கீழே சாய்க்க வேண்டும். ஈயப் பேட்டரி உள்ள பெட்டியைக் காலியாக வைத்தால் சில மாதங்களில் பேட்டரி கெட்டுவிடும். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். லித்தியம் என்றால் பாதிச் சார்ஜில் வைக்கலாம்.

சைரன் பொத்தான்

பெரும்பாலான மெகாபோன்களில் சைரன் இருக்கிறது. வாங்கிய அன்றே அந்தப் பொத்தானின் மேல் தடித்த டேப் ஒட்டிவிடுங்கள். நெருக்கமான கூட்டத்தில் சைரன் கேட்டால் ஆம்புலன்ஸ் என்று சிலர் வழிவிடுவார்கள், போலீஸ் என்று சிலர் ஓடுவார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் மிதிபடுவது நடுவில் இருப்பவர்கள். ஒலியைப் பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் வசதியும் வேண்டாம். பதிவுசெய்த முழக்கத்துக்குக் கூட்டம் சீக்கிரத்திலேயே பதில் சொல்வதை நிறுத்திவிடும்.

இங்கே கை மெகாபோனுக்கு இன்னொரு முக்கிய வேலை உண்டு. 1989 ஜனவரி 1 அன்று டெல்லிக்கு அருகே சாகிபாபாத்தில் ஜன நாட்டிய மஞ்ச் குழு நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டது. குழுவை நிறுவியவர்களில் ஒருவரான சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அதே இடத்துக்குத் திரும்பிப் போய்க் குழு நாடகத்தை முடித்தது. எதிர்ப்பு வரக்கூடிய நாடகத்தில், நடிக்காத ஒருவர் கை மெகாபோனுடன் வட்டத்துக்கு வெளியே, தெருவின் இரு முனைகளும் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். வெளியேறும் வழி இரண்டை முன்கூட்டியே அவர் அறிந்திருக்க வேண்டும். அறிவிப்பு மூன்று நான்கு சொற்களில், தாழ்ந்த சுருதியில், திசையை முதலில் சொல்லி வரட்டும்: "இடது பக்கம் நடங்கள். மெதுவாக நடங்கள்." "ஓடாதீர்கள்" என்று சொல்லக் கூடாது. இரைச்சலில் முன்பாதி மட்டும் கேட்டால் ஓடச் சொன்னதாக ஆகிவிடும்.

அனுமதி இல்லாதபோது

பல நகரங்களில் கூடுவதற்கு ஓர் அனுமதி, ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. முதலாவது கிடைத்து இரண்டாவது மறுக்கப்படுவது வழக்கம். 2011 செப்டம்பரில் 'வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்' போராட்டத்துக்காக நியூயார்க்கின் சுக்காட்டி பூங்காவில் கூடியவர்கள், ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லாததால் மனித மைக்கைக் கையாண்டார்கள். பேசுபவர் ஒரு துணுக்கைச் சொல்ல, அருகே இருப்பவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லுவார்கள், தேவைப்பட்டால் அடுத்த வளையம் மீண்டும் சொல்லும். இதற்குச் செலவில்லை, ஊளையில்லை, பறிமுதல் செய்யவும் எதுவும் இல்லை. துணுக்கு ஐந்து சொல்லைத் தாண்டினால் நடுவிலேயே சிதையும். இரண்டு வளையம் வேண்டியிருந்தால் பேச்சு மும்மடங்கு நேரம் எடுக்கும், எனவே பத்து நிமிட உரையை மூன்றரை நிமிடமாகச் சுருக்கித்தான் எழுத வேண்டும். எண்களையும் பெயர்களையும் தனித் துணுக்காகக் கொடுங்கள். தனக்கு உடன்பாடில்லாத வாக்கியத்தையும் தன் வாயால் சொல்ல நேர்வதால் கூட்டம் கவனமாகக் கேட்கிறது. எந்த மெகாபோனும் இதைத் தராது. ஆனால் அவசர அறிவிப்புக்கு இது மிக மெதுவானது.

கடையில் சோதிப்பது

கடைக்குள் "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்ப்பதில் பயனில்லை. வெளியே கொண்டுவந்து ஒருவரை 20 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். சாலை, காலை, மாலை, பாலை, வேலை, சேலை, ஓலை போன்று ஓர் எழுத்தில் மட்டும் மாறும் சொற்களைத் தாறுமாறான வரிசையில் இருபது வாசியுங்கள், அவர் எழுதட்டும். குறைந்தது பதினெட்டு சொற்கள் சரியாக வர வேண்டும். பிறகு அவர் 45 பாகை பக்கவாட்டில் நகர்ந்து மறுபடியும் எழுதட்டும். இங்கே மாடல்களுக்கு இடையே வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வால்யூமை முக்கால்வரை ஏற்றி, மைக்கை ஹாரனுக்குப் பக்கவாட்டில் ஒரு முழம் தூரத்தில் பிடித்தால் ஊளை வரக் கூடாது.

கருவி சாகும் இடங்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். சுருள் வயர் மைக்குக்குள் நுழையும் முனைதான் முதலில் அறும். அங்கே தடித்த ரப்பர் உறை இருக்க வேண்டும், மைக் செருகிக் கழற்றும் விதமாக இருந்தால் மேலும் நல்லது, அறுந்தால் மைக்கை மட்டும் மாற்றலாம். நேரடியாகப் பற்றவைத்த வயர் என்றால் முழுக் கருவியும் பழுதுக்குப் போகும். அடுத்து பேட்டரி மூடியின் கொக்கி, பிறகு தோள் பட்டையின் பிளாஸ்டிக் வளையம். வளையம் உலோகமாக இல்லையென்றால் ஒரு கயிற்றைக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளுங்கள். கை வகையில் விசை தேயும். அழுத்தியபடியே வைத்திருக்கும் பூட்டு இருந்தால் விரலும் விசையும் இரண்டும் பிழைக்கும்.

மழையில் ஹாரனின் வாயை எப்போதும் கீழ்நோக்கிச் சாய்த்துத் தொங்கவிடுங்கள், நீர் உள்ளே போய் ஒலித் தகட்டில் தங்கினால் குரல் நீருக்கடியிலிருந்து வருவது போலாகும். மைக்கின் மேல் நுரை உறையும் அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையும் போட்டால் தூறலில் சமாளிக்கலாம். நனைந்துவிட்டால் உடனே பேட்டரியை எடுத்துவிட்டு ஹாரன் வாய் கீழே பார்க்க ஓர் இரவு முழுக்க நிழலில் காயவையுங்கள், வெயிலில் வேண்டாம், பிளாஸ்டிக் விளிம்பு வளையும். கருவியோடு ஒரு செட் மாற்று பேட்டரி, மாற்று மைக், டேப், தடித்த ரப்பர் வளையம் இரண்டு, காதடைப்பான் ஒரு பெட்டி ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். அந்தப் பை யாரிடம் என்பதையும் ஒத்திகையின்போதே முடிவுசெய்துவிடுங்கள்.